கொடுவாவின் பலம் எங்கே ஒளிந்திருக்கிறது?

'மரபணு' என்று வானொலியில் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு தயக்கம். கேட்பவர் பலர் அதை 'எதையோ உள்ளே செலுத்திவிட்டார்கள்' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தேக்கா சந்தையில் "வளர்ப்பா, கடல் மீனா?" என்று கேட்டுத்தான் கொடுவா வாங்கும் என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் இங்கே நடப்பது, ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சேர்ப்பது போன்ற வேலை.

கொடுவாக் குஞ்சுகளின் பெரிய எதிரி ஒரு வைரஸ். மூளையையும் விழித்திரையையும் அது தாக்கும். குஞ்சுகள் நிலைதடுமாறிச் சுழன்று நீந்தி, கூட்டம் கூட்டமாகச் சாகும். மனிதரை அது தாக்குவதில்லை. ஆனால், மீன் வளர்ப்பவரின் முதலீட்டை விழுங்கிவிடும்.

நம் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் யுவே கென் ஹுவாவின் குழு இதை ஆராய்ந்தது. ஒரே பெற்றோரின் குஞ்சுகளுக்கு வைரஸைத் தொற்ற வைத்து, பிழைத்தவை எவை, மடிந்தவை எவை என்று பிரித்தார்கள். பிறகு 24 ஜோடி குரோமோசோம்களிலும் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். பிழைத்தவற்றில் எந்தப் பகுதி அடிக்கடி தென்படுகிறதோ, அங்கே எதிர்ப்புசக்தி இருக்கிறது என்று பொருள். மக்காச்சோளத்திலும் நெல்லிலும் ஏற்கெனவே பழகிய முறைதான்.

2016ல் வெளியான முடிவு சுலபமானதாக இல்லை. எதிர்ப்புசக்தி பல குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் சில விழுக்காடு மட்டுமே.

சால்மன் மீனுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. கணையத்தைத் தாக்கும் வைரஸை எதிர்க்கும் சக்தியின் பெரும்பகுதி அதற்கு ஒரே இடத்தில் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துத் தாய், தந்தை மீன்களைத் தேர்ந்தெடுத்த பிறகு நார்வேயில் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது.

கொடுவாவுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. சிறு சிறு பலங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒன்றுசேர்க்க வேண்டும். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், ஜோகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகள் நிலைக்க இந்தப் பொறுமை தேவை. அதன் செலவைப் பண்ணைக்காரர் மட்டுமே சுமப்பது நியாயமில்லை. உள்ளூர்க் கொடுவாவுக்கு ஓரிரு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதும் அதில் நம் பங்குதான் என்று நினைக்கிறேன்.