மணல் வெட்டும் வாய்க்காலும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கிளிஞ்சல்மேட்டில் கடலைப் பார்த்து ஜன்னல் வைத்தவர்களுக்குத் தெரியும், சில வருஷத்தில் கண்ணாடி மங்கிவிடும். துடைத்தால் உப்பு போகும். மங்கல் முழுசாகப் போகாது. காற்றோடு வரும் மணல் கொத்திய தழும்பு அது.

இந்தக் கொத்தலையே தொழிலாக்கி 1870இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் பெஞ்சமின் டில்க்மன். இன்று அதையே மிகச் சின்ன அளவில் செய்கிறார்கள். 25 மைக்ரான் அளவுள்ள அலுமினியம் ஆக்சைடு துகள், அதாவது தலைமுடியைவிடப் பொடிசு. அதைக் காற்றழுத்தத்தில் மெல்லிய குழாய் வழியே பீய்ச்சிக் கண்ணாடியில் நுண்ணிய வாய்க்கால் வெட்டுவார்கள். ஒரு சொட்டு ரத்தத்தை ஓடவிட்டுச் சோதிக்கும் சில்லுகளுக்கு இப்படிப்பட்ட வாய்க்கால்கள் தேவை.

சிக்கல் என்னவென்றால், பள்ளம் ஆழமாக ஆக அதன் பக்கங்கள் சரிவாகின்றன. கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருளில் நேராக விழும் அடிதான் அதிகம் பெயர்க்கும். சரிவில் பட்ட துகள் வழுக்கிப் போய்விடும். (உலோகத்தில் நேர்மாறு, அங்கே சாய்ந்த அடிதான் அதிகம் சீவும்.) அதனால் நடுப்பகுதி சீக்கிரம் இறங்க, ஓரம் பின்தங்கி, பள்ளம் கூம்பிக்கொண்டே போகும்.

இதைக் கணினியில் முன்கூட்டியே பார்க்கலாம். பரப்பைப் பல புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் சரிவு எத்தனை பாகை? வேகத்தை அதன் காஸ் மதிப்பால் பெருக்கினால் நேராக அடிக்கும் பங்கு கிடைக்கும். 60 பாகைச் சரிவில் காஸ் மதிப்பு அரை. அரிப்பு அந்தப் பங்கின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு துகள் பெயர்ப்பது கால்பங்குதான். (சரியான அடுக்கு எது என்பது பொருளுக்குப் பொருள் மாறும், பரிசோதித்துத்தான் எடுப்பார்கள்.) அந்த அளவுக்குப் புள்ளியை இறக்கு. புது வடிவத்துக்குப் புதுச் சரிவைக் கண்டுபிடி. மறுபடி இறக்கு. இப்படி ஆயிரம் முறை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வாளர்கள் 1999இல் இப்படி ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். பிறகு கனடாவின் டொராண்டோவில் பாபினி, ஸ்பெல்ட் குழுவினர் அதை வளர்த்தார்கள். தண்ணீரோடு துகளைக் கலந்து பீய்ச்சி வெட்டும் முறையில் நம் சென்னை ஐஐடியின் பேராசிரியர் ரமேஷ் பாபு ஆய்வு செய்திருக்கிறார்.

ஏன் இவ்வளவும் சொல்கிறேன்? என் தங்கை பேத்தி பத்தாவது முடித்துவிட்டாள். கணக்கில் கெட்டிக்காரி. பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்தான் கேட்கிறாள். வீட்டில், "சைனும் காஸும் சோறு போடுமா, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறார்கள். மாப்பிள்ளையும் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, மேலே சொன்ன அரை, அவள் பத்தாம் வகுப்பு அட்டவணையில் இருக்கும் அதே அரைதான். திங்கட்கிழமை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் அவளை உட்காரவைத்து ஒருமுறை கேளுங்கள். அவளே உங்களுக்கு விளக்குவாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்