நாயும் பட்டாணியும்

இளமறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு

தாளில் வரைந்த நாய் திருடித் தின்னுமா? தின்றது! 1913ஆம் ஆண்டு அமெரிக்கரான ஜே. ஆர். பிரே உருவாக்கிய 'ஓவியனின் கனவு' என்னும் ஊமைக் கேலிச்சித்திரப் படத்தில், ஓவியர் ஒரு குட்டைக்கால் நாயை வரைகிறார். அவர் தலை மறைந்ததும் நாய் எழுந்து, அலமாரியின் மேலிருக்கும் சாசேஜைத் தின்றுவிடுகிறது. தின்று தின்று கடைசியில் உடல் வெடித்தே போகிறது. பேச்சில்லை, வண்ணமில்லை, சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை.

அந்தச் சேட்டையின் பின்னே எத்தனை பொறுமை! நாய் வாலை ஆட்டுவதற்குக்கூடப் பல படங்கள் வரைய வேண்டும். ஒவ்வொன்றும் அசையாத படம். வரிசையாக ஓட்டினால் உயிர் வந்துவிடுகிறது.

அசையாத படங்களை அடுக்கி அசைய வைக்கும் இவ்வித்தையை நம் நாட்டிலும் ஒருவர் 1912இல் செய்து காட்டினார். அவரே தாதாசாகேப் பால்கே. பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்து, திரையில் அது கண்ணெதிரே வளரச் செய்தார். அந்தச் செடியைக் கண்டு நம்பிக்கை பிறந்தே பணம் கொடுக்க ஆள் முன்வந்தார். 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3 அன்று திரைக்கு வந்தது. 1915இல் பால்கே தீக்குச்சிகளையே நடிகர்களாக்கி ஒரு குறும்படமும் எடுத்தார். அது இன்று நமக்குக் கிடைக்காமற் போனது பேரிழப்பே.

தாவரவியல் படிக்கும் எனக்கு அந்தப் பட்டாணி வெறும் செய்தியன்று. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் என் பெற்றோர் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "ரெண்டு வருசமாப் போறான், என்னத்தக் கண்டான்? திருப்பூருக்கு அனுப்புனாச் சம்பளமாச்சும் வரும்" என்று மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். அப்பா பதில் பேசமாட்டார். அந்த மௌனந்தான் என்னை அச்சுறுத்தும்.

பொங்கல் விடுமுறையில் அந்த நாய்ப் படத்தைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். "களவாணி நாயி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பட்டாணிக் கதையைச் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை, உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மாமா வந்து பழைய பேச்சைத் தொடங்கியபோது அம்மா சொன்னார்: "கவாத்துப் பண்ணுன மறுநாளே கொலையத் தேடுனா கெடைக்குமாண்ணே? கொடி வளர்றத யாரு உக்காந்து பாத்தா? அவன் படிக்கட்டும்."

அப்பா அப்போதும் பேசவில்லை. ஆனால் மாலையில் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

என்னைப் போல் முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்திருக்கும் நண்பர்களே! நம் வளர்ச்சி வீட்டாரின் கண்ணுக்கு இன்னும் தெரியாதிருக்கலாம். அதற்காக நாளைய வகுப்பைத் தவற விடாதீர்கள். அடுத்த ஆண்டும் நான் இங்கேதான் இருப்பேன்.