பேர் விழாத நாட்கள்

தோட்டத்து மனிதர் ஒருவரின் வேலைச் சரித்திரத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எதிர்பார்ப்போடுதான் தொடங்குகிறார்கள். தாத்தாவின் பெயரில் எங்கோ ஒரு கோப்பு இருக்கும். அது கைக்குக் கிடைத்துவிட்டால் அவர் எந்த வருஷம் வந்தார், எந்த மலையில் கவ்வாத்து வெட்டினார், எப்போது பேர் வெட்டப்பட்டது என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு கோப்பு இல்லை. துரைமார் வழி வந்தவர்களுக்கு அந்த நினைப்பு பலிக்கலாம். 1900-இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் 1914-இல் முதலாம் உலகப் போருக்காக எகிப்துக்குக் கப்பலேறினார்கள். அந்தப் படைக்கு ஆள்ஆளாகப் பெயர்ப் பட்டியல் உண்டு. அவர்கள் விட்டுப்போன மலைகளில் அதே காலத்தில் கொழுந்தெடுத்தவர்களைத் தேட வேண்டுமானால் பெயரைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் தோட்டம், பிறகு டிவிசன், பிறகு எந்தக் கங்காணியின் ஆட்கள் என்பது, அதன் பிறகே பெயர். சாதாரண மனிதரின் பதிவு அவர் பெயரில் இல்லை, அவரை யாரோடு சேர்த்து எண்ணினார்களோ அவர்களின் கணக்கில் இருக்கிறது என்பதே இந்த வேலையின் அடிப்படை. அவருடைய வரியில் விழுந்திருக்கும் வெற்றிடத்தையும் அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை அரசாங்கமே தவறாக வாசித்தது லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாக நிற்க ஒரு காரணமாயிற்று.

ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனிக் கோப்பு வைத்திருந்த நாட்டிலும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வர நேர்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண நிலையத்தில் 1973 ஜூலை 12-இல் தீப்பிடித்தது. 160 முதல் 180 லட்சம் வரையான படைவீரர் கோப்புகள் போயின. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அதில் அடங்கும். நகலும் இல்லை, நுண்படமும் இல்லை. அதற்குப் பிறகு ஒருவரின் சேவையை நிரூபிக்கச் சம்பளச் சீட்டுகளையும், கம்பனிவாரியாகக் காலைதோறும் எழுதப்பட்ட ஆட்கணக்கு அறிக்கைகளையும், ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இன்று யார் வந்து சேர்ந்தார், யார் சுகமில்லாமல் போனார், யார் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார் என்பதெல்லாம் அந்தக் காலை அறிக்கைகளில் இருக்கும். மலையகத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நடப்பதும் அதே எண்ணிக்கைதான். அங்கே தனிக் கோப்பு எரிந்த பிறகு கூட்டத்தின் கணக்கைத் தேடிப் போனார்கள். இங்கே தனிக் கோப்பே பிறக்கவில்லை. ஆகவே நமக்கு இது மாற்று வழி இல்லை, இருக்கிற ஒரே வழி. அது பலன் தரக்கூடிய வழி என்பதற்கு மட்டும் அந்த நாட்டு அனுபவத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தின் வேலைநாள், சம்பள ஏடான செக்ரோல் ஒன்றை விரித்துப் பார்த்தால் இது விளங்கும். இடப்பக்கம் இலக்கமும் பெயரும், பிறகு மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், வலக்கோடியில் மொத்தப் பேர், சம்பள விகிதம், பிடித்தங்கள், கைக்கு வந்த மிச்சம். கணக்கப்பிள்ளை மலையில் வைத்து பொக்கெட் செக்ரோலில் குறித்ததுதான் பிறகு ஆபீசில் பெரிய ஏட்டுக்கு ஏறும். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தாலோ பாதியில் போனாலோ அரைப்பேர். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஏடுகளைப் புரட்டுகிறவர்கள் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதுண்டு. விஷயம் இருப்பதோ வலக்கோடியில். அரிசிப் பிடித்தத்தைப் பார்த்தால் வீட்டில் எத்தனை வாய் என்று ஓரளவு ஊகிக்கலாம். சந்தாப் பிடித்தம் அவர் சங்கத்தில் சேர்ந்திருந்தாரா, எந்த மாதத்திலிருந்து என்று சொல்லும். தீபாவளி முற்பணம் எத்தனை மாதத்தில் கழிந்தது என்பதில் அந்த வருஷத்தின் நெருக்கடி தெரியும். ஆண்டு கிழிந்துபோன தனித் தாளுக்குக்கூட சம்பள விகிதத்தை வைத்துக் காலம் சொல்லலாம். 1927-ஆம் ஆண்டின் சட்டப்படி 1929 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பொருளாதார மந்தத்தில் அது வெட்டப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் சமமானது 1984-இல். மூன்று விகிதங்களா, இரண்டா, ஒன்றா என்று பார்த்தாலே தாள் எந்தக் காலத்தது என்று ஒரு எல்லைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

செக்ரோலுக்கு முந்திய தாள்களும் இதே இயல்புள்ளவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டை ஆளின் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். அதில் இருந்தது தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், ஆளின் பெயரல்ல. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற வேண்டும் என்பதே அதன் கவலை. கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாக எழுதித் தந்து, 1921-இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையிலும் கடன்தான் தலைப்பு, ஆள் அதன் கீழே ஒரு தொகை. பெயர் எழுதப்பட்ட இடங்களிலும் அது நம்பத்தக்கதல்ல. ஒரே டிவிசனில் நாலு ராமசாமி, ஐந்து லெட்சுமி இருப்பார்கள். ஒரு கிளார்க் லெட்சுமி என்று எழுதியதை அடுத்தவர் லட்சுமி என்பார், மூன்றாமவர் இங்கிலீஷில் தமக்குத் தோன்றியபடி எழுதுவார். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பெரட்டில் கூப்பிட்ட பெயர் வேறு. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் ஒன்று வெறுங்கையோடு திரும்புவார், இல்லாவிட்டால் வேறொருவரின் தாத்தாவைத் தம் தாத்தாவாக்கிக்கொள்வார். அக்கம்பக்கத்து வரிகள்தான் ஆளை அடையாளம் காட்டும். அதே கங்காணியின் கீழ் தம்பி, மச்சான், கொழுந்தியாள் பெயர்கள் வருஷாவருஷம் சேர்ந்தே வந்தால், நடுவில் எழுத்து மாறி நிற்கும் அந்தப் பெயர் யாருடையது என்பதில் சந்தேகம் குறையும்.

வெற்றிடத்துக்கு வருகிறேன். ஒருவரின் வரியில் இரண்டு மாதம் பேர் விழவில்லை என்றால் என்ன பொருள்? கூட்டம் முழுவதற்குமே அந்த மாதங்களில் பேர் குறைந்திருந்தால் காரணம் தோட்டத்துடையது: மந்தம், வறட்சி, கொழுந்தில்லாமை. 1930-களின் தொடக்கத்தில் அப்படி மெலிந்த பக்கங்களை எதிர்பார்க்கவே வேண்டும். ஒரு பெண்ணின் வரி மட்டும் நின்று, சில வாரம் கழித்து மீண்டும் தொடங்கி, பிறகு பிள்ளைக்காம்பராவின் ஏட்டில் ஒரு குழந்தை சேர்ந்திருந்தால் காரணம் வெளிச்சமானது. 1939-ஆம் ஆண்டின் பிரசவகால நன்மைச் சட்டத்துக்குப் பிந்திய காலமென்றால் அதற்கான கொடுப்பனவும் வேறொரு ஏட்டில் நிற்கும். மேல் டிவிசனில் மறைந்த பெயர் அதே மாதத்தில் கீழ் டிவிசனில் தோன்றினால் அது மாற்றம். தோட்டம் கைமாறிப் புது ஏடு போடப்பட்டபோது பழைய இலக்கங்கள் எல்லாமே மறைந்திருக்கும். இத்தனையையும் பார்த்த பிறகும் விளங்காத வெற்றிடத்தைத்தான் ஆள் ஊரில் இல்லை என்று எழுதலாம், அதையும் ஊகம் என்றே எழுத வேண்டும். 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இதைத் தலைகீழாகச் செய்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் திருமணமானவர் 7 ஆண்டும் தனியாள் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும், ஒரு முறை 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். ஏட்டை வைத்திருந்தது தோட்டம், நிரூபிக்கும் சுமையோ கூலியாளின் தலையில். 1951 ஆகஸ்டு 5-க்குள் வந்த ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் போடப்பட்டவை. குடியுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. இந்த நிராகரிப்புகளுக்கு அரசியல் காரணம் இருந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அரசியலுக்குக் கைக்கருவியாக உதவியது, தாளில் இல்லாததை ஆள் இல்லாததாக எடுத்துக்கொள்ளும் வாசிப்புதான்.

இவை துரைமாரின் ஏடுகள், ஆட்களைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டவை, இவற்றை நம்பி நம் சனங்களின் சரித்திரத்தை எழுதலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. என் பதில், எழுதியவரின் பயன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் சாய்ந்த ஏட்டையும் பயன்படுத்தலாம் என்பது. ஒரு பேர் விழுந்தால் தோட்டம் காசு கொடுக்க வேண்டும், ஆகவே செய்யாத வேலையை ஏடு சாதாரணமாக எழுதாது. செய்த வேலையைக் குறைத்து எழுதும். விழுந்த பேர் வலுவான சாட்சி, விழாத பேர் பலவீனமான சாட்சி. இதற்கு விலக்கு உண்டு. வேலைக்குக் கொண்டுவந்த ஆளின் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்கும் காசு இருந்ததால் ஆளைக் கூட்டிக் காட்டும் ஆசை அவருக்கு இருந்தது. அதனால்தான் ஒரே கையால் எழுதப்பட்ட ஏட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. கொழுந்து நிறைக் கணக்கு ஒருவர் கையெழுத்து, அரிசிக் கணக்கு இன்னொருவர், டிஸ்பென்சரி ஏடு மூன்றாமவர். மூன்றிலும் நிற்கும் ஆள் பொய்யாளாக இருக்க முடியாது.

பெரியவர்களின் ஞாபகம் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஞாபகம் தரும் சில விஷயங்களை எந்த ஏடும் தராது: எந்த ஊரிலிருந்து, யாரோடு சேர்ந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை எத்தனை பேரைக் காட்டில் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது. 2023-இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போனபோது பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அப்படிக் காதுவழி வந்தவைதான். ஆனால் ஞாபகத்துக்கு ஆண்டு நிற்காது. பெரிய கங்காணியின் பெயர் மூன்று தலைமுறை நிற்கும், அப்பா பிறந்த வருஷம் நிற்காது. இரண்டும் ஒன்றையொன்று திருத்த வேண்டும். கங்காணியின் பெயரை ஞாபகம் கொடுத்தால்தான் ஏட்டில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே தெரியும்.

சாதி விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. பழைய ஆட்பட்டியல்களில் சாதி எழுதப்பட்டிருக்கிறது. ஆளை அடையாளம் காண அது சில வேளை உதவும். தேடுகிறவர் பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே போடக் கூடாது. குடும்பம் கேட்டால் குடும்பத்துக்கு மட்டும் சொல்ல வேண்டும். நூலகம் நிறுவனம் போன்றவை மலையக ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் இந்தக் காலத்தில், எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிடுவதே நேர்மை என்ற வாதம் கேட்கிறது. லயத்தில் இன்றும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் விஷயத்தில் அந்த வாதம் நிற்காது.

குடியுரிமைப் பிரச்சினைதான் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தோடு தீர்ந்ததே, இன்னும் இந்தத் தாள்கள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தச் சட்டமே 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும்தான் சொல்கிறது. வசித்தார் என்று காட்ட மறுபடியும் ஒரு தாள் வேண்டும். 1977, 1981, 1983 கலவரங்களில் லயங்களை விட்டு ஓடியவர்களிடம் அந்தத் தாள் எங்கே இருக்கும்? அப்படி ஓடித் தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிவிட்ட இந்திய வம்சாவளியினர் இந்தியக் குடியுரிமை கேட்டுப் போன வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. தாத்தா எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பது அவர்களுக்குச் சரித்திர ஆர்வமல்ல. இங்கே தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் சேவைக்காலக் கொடுப்பனவு 1983-ஆம் ஆண்டின் சட்டப்படி வேலை செய்த வருஷங்களைப் பொறுத்தது. 1970-களில் தோட்டங்கள் அரசிடம் போய், 1992-இல் கம்பனிகளிடம் வந்தன. அந்த இரண்டு கைமாற்றங்களிலும் ஏட்டில் அறுந்த வருஷங்கள் கணக்கில் குறைகின்றன. அங்கேயும் பக்கத்து வரிதான் கைகொடுக்கும்: உடன் வேலை செய்தவரின் பதிவு முழுசாக இருந்தால், இவருடைய அறுந்த வருஷத்தைக் கேட்டு வாதாட ஒரு பிடி கிடைக்கிறது.

என் கவலை பழைய ஏடுகளைப் பற்றி மட்டுமல்ல. செக்ரோலில் ஏறாமல் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பது இன்று பல தோட்டங்களில் நடக்கிறது. மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையும் வந்திருக்கிறது. அந்த நாட்களுக்குப் பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. நாற்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி இந்த மலைகளில் தன் அம்மாயி வேலை செய்ததைத் தேடினால், கூட்டத்தின் கணக்கு என்ற கடைசி இடத்திலும் அந்த அம்மாயி இருக்க மாட்டாள். ஆகவே கைக்காசுக்குப் போகிறவர்கள் கொழுந்து நிறுக்கும்போது தரும் சீட்டைத் தேதியோடு கேட்டு வாங்க வேண்டும், தராவிட்டால் கிலோவையும் நாளையும் ஒரு கொப்பியில் தாங்களே எழுதி, கூட வேலை செய்த இருவரின் கையொப்பத்தை வாங்கி வைக்க வேண்டும். சங்கங்கள் சந்தாப் பட்டியலில் இவர்களையும் சேர்த்து, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பதையும் எழுதத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.