வேலியைத் தட்டிக் கேளுங்கள்

பருவமழை ஓய்ந்ததும் கிள்ளானில் பலரும் கூரையைத்தான் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பா குனிந்து வேலியைப் பார்ப்பார். காரணம் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் மூழ்கடித்த அதே நாள்களில் எங்கள் வாசலிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கம்பி வேலிதானே, தண்ணீர் ஊடே போய்விடும் என்று நினைப்போம். பிளாஸ்டிக் பையும் இலைதழையும் வலையில் அடைத்துக்கொண்டால் அதுவே சுவராகிவிடுகிறது; தண்ணீரின் பாரம் முழுக்கத் தூண்கள்மேல் விழும். அன்று சாய்ந்த தூண்களை நிமிர்த்தி வைத்தோம். அவற்றின்மேல் அப்பாவுக்கு இன்னும் சந்தேகம்.

இரும்புத் தூண் மண்ணைத் தொடும் இடத்தில்தான் சீக்கிரம் அரிக்கும். ஈரமும் காற்றும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. மேலே சாயம் பளபளக்கும், அடியில் ஓட்டை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் வேலை. வானொலியில் பிழைக்கும் காதுக்கு ஏற்ற வேலை! நல்ல குழாய் கணீரென்னும். அரித்தது 'தொப்' என்னும். இந்த ஆண்டு நான்கு 'தொப்'.

வெல்டிங் செய்ய வந்தவர், "பேசாம செங்கல் சுவரு எழுப்பிடுங்க அங்கிள், தொல்லை விட்டுச்சு" என்றார். கணக்குப்படி சரிதான். ஆனால், வேலிக்கு அந்தப் பக்கம் மக்சிக் இருக்கிறார். கறிவேப்பிலை பறிக்க வருவார். நோன்பு மாதத்தில் வேலிக்கு மேலே குவே தட்டு நீளும். அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார், நான் பிரிக்பீல்ட்ஸில். ஒரு நாள் காலை, "உன் அப்பா இன்னும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரவில்லையே" என்று மக்சிக் போன் செய்தார். போய்ப் பார்த்தால் அப்பா கடும் காய்ச்சலில் கிடந்தார். ஆறடிச் சுவர் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

தூண்களை மட்டும் மாற்றினோம். துத்தநாகம் பூசிய குழாயை அப்படியே வெல்டிங் செய்தால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, வெட்டவெளியில் செய்யச் சொன்னோம். அடியில் சிமெண்டைத் தரைக்குமேல் சற்று உயர்த்தி, சரிவாகப் பூச வேண்டும். குழிவாக விட்டால் தண்ணீர் தேங்கி, மறுபடி அதே கதை.

செலவில் பாதியை மக்சிக் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. மறுநாள் அவர் ஒரு டின் சாயத்தோடு வந்து நின்றார், பச்சை. அப்பாவுக்குப் பிடித்தது வெள்ளி நிறம். வேலி இப்போது பச்சையாகத்தான் இருக்கிறது.