'தட்டினா விட்டுடணும்மா!' - உறையூர் வீட்டுக்குள் வந்த ஜியு ஜிட்சு

உறையூரில் அந்த வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், ஜியு ஜிட்சு வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள். அம்மாவுக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை.

"எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரி ஷட்டில் ஆடேன்" என்றார்.

அப்பா வேறு கணக்குப் போட்டார். சிலம்பம் என்றால் அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கிறது. கராத்தே என்றால் பெல்ட் கலர் மாறுவதைச் சொந்தக்காரர்களிடம் காட்டலாம். "இதுல என்ன கிடைக்கும்?"

பல பெற்றோரும் கேட்பது இதைத்தான். பழைய ஜப்பானிய ஜியு ஜிட்சுவிலிருந்து 1882-ல் பிறந்த ஜூடோ, 1964-லேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. ஜியு ஜிட்சுவோ 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில்தான் முதன்முதலாக இடம்பிடித்தது.

அம்மாவின் பயம் வேறு. வயதுக்கு வரப்போகிற பெண், தரையில் கட்டிப் புரள்வதா? வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம்.

ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். அடி இல்லை, உதை இல்லை. பிடிப்பதும் விடுபடுவதும்தான். மகளைவிடப் பெரிய பெண் ஒருத்தி, மகளின் கையை மடக்கிப் பிடித்தாள். அம்மா பதறி எழுந்துவிட்டார். மகள் அவள் தோளில் இரண்டு முறை தட்டினாள். அந்த நொடியே பிடி தளர்ந்தது. இருவரும் சிரித்தபடி மறுபடி ஆரம்பித்தார்கள்.

"தட்டினா விட்டுடணும்மா. அதான் ரூல்" என்றாள் மகள், திரும்பும் வழியில்.

"அப்போ நீ தோத்துட்டியா?"

"ஆமா. ஆனா கை நல்லா இருக்குல்ல!"

அம்மா பேசாமல் நடந்தார். 'பொறுத்துப் போ' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். வலித்தால் 'போதும்' எனலாம், சொன்னால் எதிரில் இருப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை.

அப்பாயி ஒரே வரியில் முடித்தார். "யானையைக் கோழி ஜெயிச்ச கதையாலதான் இந்த ஊருக்குக் கோழியூர்னு பேரு. போகட்டும் விடு."

மகள் சேர்ந்துவிட்டாள். அப்பா மட்டும் 'சர்டிஃபிகேட் உண்டா?' என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு, தம்பி அக்காவுக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தான். அவள் தரையில் இரண்டு தட்டு தட்டினாள். அவன் விடவில்லை.

"டேய், அதான் தட்டிட்டாள்ல... விடுடா!"

அதட்டியது அப்பா.