விரல் ஓயும் நேரம்

பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடம். அதன் நான்காவது மாடியில் வங்கி மென்பொருளைப் பராமரிக்கும் குழு ஒன்று வேலை செய்கிறது. புரோகிராமர்கள் எந்தக் கருவியை வைத்துக் கோடு எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். வந்த காரியத்தைச் சொன்னதுமே பஞ்சாயத்து கூடிவிட்டது.

“அவர்கிட்ட கேக்காதீங்க சார். மவுஸைப் பார்த்தாலே கோவம் வந்துரும் அவருக்கு” என்றார் ஜாவா பிரிவில் இருக்கும் பெண்.

“முதல்ல உங்க இன்டெலிஜே தெறக்கட்டும்மா. அப்புறம் பேசலாம்” என்றார் சர்வர்களைக் கவனிக்கும் மூத்தவர். இன்டெலிஜே, அந்தப் பெண் ஜாவா எழுதும் ஐடிஇ; எடிட்டரும் கம்பைலரும் ஒன்றாகச் சேர்ந்த மென்பொருள்.

மூத்தவர் திரையில் கருப்பைத் தவிர வேறில்லை. மெனு கிடையாது, பட்டன் கிடையாது. அவர் புழங்குவது விம் எடிட்டர். அதில் எழுத்து விசைகளே கட்டளைகள். ‘டி’ என்றால் அழி, ‘டபிள்யூ’ என்றால் சொல். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் ஒரு சொல் அழியும். புள்ளி விசையைத் தட்டினால் கடைசியாகச் செய்தது மறுபடி நடக்கும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு காரணம் உண்டு. விம்மின் மூதாதையான விஐ எடிட்டரை 1976இல் பெர்க்லியில் எழுதியவர் பில் ஜாய். வீட்டிலிருந்து அவர் பயன்படுத்திய மோடம் 300 பாட் வேகம் கொண்டது. நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. 80 எழுத்து அகலத்தில் 24 வரி கொண்ட ஒரு திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையை வீணாக மாற்றி வரைய முடியாத நிலையில், குறைந்த தட்டலில் நிறைய வேலை வாங்க வேண்டியிருந்தது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. 1991இல் பிராம் மூலேனார் வெளியிட்ட விம்மிலும் அந்த நான்கு விசைகள்தான் கர்சரை நகர்த்துகின்றன.

வேகக் குறைவு போய்விட்டது. மூத்தவரின் தேவை போகவில்லை. கடல் தாண்டி இருக்கும் சர்வருக்குள் அவர் நுழையும்போது அங்கே ஜன்னலும் ஐகானும் இருக்காது, விஐ மட்டும் இருக்கும். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட லாக் ஃபைலைத் திறந்து, தேவையற்ற வரிகளை ஒரே கட்டளையில் கழித்துக் காட்டினார். பிழையைச் சொல்லும் சில வரிகள் மட்டும் மிஞ்சின.

“இதே ஃபைலை உங்க ஐடிஇல தெறங்க பாப்போம்” என்றார். அந்தப் பெண் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

பிறகு அந்தப் பெண்ணின் முறை. அவர்களுடைய கோடில் ‘க்ளோஸ்’ என்ற பெயரில் இரண்டு செயல்கள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளர் கணக்கை முடிப்பது, மற்றது டேட்டாபேஸ் இணைப்பைத் துண்டிப்பது. முதலாவதன் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். எழுத்தை எழுத்தாக மட்டும் பார்த்துத் தேடி மாற்றினால் இரண்டும் மாறும், மென்பொருள் உடையும். அவர் முதல் செயலின் பெயர்மேல் கர்சரை வைத்து ஷிஃப்டையும் எஃப்6ஐயும் அழுத்தினார். எந்த ‘க்ளோஸ்’ எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது இன்டெலிஜேக்குத் தெரிந்திருந்தது. கணக்கு சம்பந்தப்பட்ட ஃபைல்கள் மட்டும் மாறின. காலையில் திறந்ததும் அது வெகுநேரம் ‘இண்டெக்ஸ்’ செய்ததே இந்த அறிவைச் சேர்த்துவைக்கத்தான். அதற்கு விலையாக லேப்டாப்பின் மெமரியைக் கணிசமாகத் தின்றிருந்தது.

டீ குடிக்கும்போது ஒரு வேடிக்கை வெளிவந்தது. மூத்தவர் உட்பட அங்கிருந்த பலரும் கல்லூரி லேபில் டர்போ சி-யின் நீலத் திரையில் தொடங்கியவர்கள். எடிட்டரையும் கம்பைலரையும் ஒரே திரையில் சேர்த்துத் தந்த ஐடிஇ அது. போர்லாண்ட் நிறுவனம் 1983இல் டர்போ பாஸ்கலில் பிரபலமாக்கிய வழி. ஆக, வெறும் எடிட்டருக்கு வாதாடும் மூத்தவரும் ஐடிஇயில் எழுதப் பழகியவர்தான். சர்வர் வேலை அவரை விம்முக்குக் கொண்டுபோனது.

குழுவில் இளையவர் இரு கட்சியிலும் சேரவில்லை. விஎஸ் கோடு எடிட்டரைத் திறந்து, அதில் விம் விசைகளை இணைத்து வைத்திருக்கிறார். கருவிகளுக்குள்ளும் இப்போது இப்படிக் கலப்பு நடக்கிறது. நிரல் மொழியைப் பற்றிய அறிவைத் தனி நிரலாகப் பிரித்து, எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2016இல் பொதுவாக்கியது. அதன் பெயர் லாங்க்வேஜ் சர்வர் புரோட்டோகால். 2021இல் விம்மின் கிளையான நியோவிம்மும் 2023இல் இன்னொரு பழைய எடிட்டரான ஈமாக்ஸும் அதற்கான வசதியைத் தம்முள்ளேயே சேர்த்துக்கொண்டன. பெயர் மாற்றிக் காட்டிய அந்த வித்தையை இன்று கருப்புத் திரையிலும் செய்யலாம். ஜாவா போன்ற மொழிகளில் பெரிய மாற்றங்களுக்கு ஐடிஇயின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

விவாதம் முழுக்க விசைத் தட்டல்களைப் பற்றியே நடந்தது. நான் பார்த்தவரை அங்கே விரல்கள் ஓய்ந்திருந்த நேரமே அதிகம். அந்தப் பெண் வேலையை விட்டுப்போன யாரோ எழுதிய கோடை, ‘இதை யார் அழைக்கிறார்கள்’ என்று ஃபைல் ஃபைலாகத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார். மூத்தவர் படித்தது லாக். இளையவர் மற்றவரின் திருத்தங்களைப் படித்தார். அவரவர் கருவியும் அவரவர் படிக்க வேண்டியதற்குப் பொருந்தியிருந்தது. ஆயிரம் ஃபைல்களுக்குள் வழி தேடுபவருக்கு வரைபடம் வேண்டும். நடுராத்திரியில் முன்பின் தெரியாத சர்வரில் ஒரே ஃபைலோடு நிற்பவருக்கு அங்கே ஏற்கெனவே இருக்கும் எடிட்டர் போதும். புதிதாக வருகிறவர்களிடம் எதில் எழுதுவாய் என்று கேட்பதைவிட, எதைப் படிக்கப் போகிறாய் என்று கேட்டால் பஞ்சாயத்து சீக்கிரம் கலையும்.