பட்டினியும் வரிசையும்

வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க ஸ்ரீரங்கத்தில் இரவெல்லாம் வரிசையில் காத்திருப்பவர்களை, சும்மா நிற்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பிடாமல், தூங்காமல், நகர இடமில்லாமல் ஓர் உடம்பு நிமிர்ந்து நிற்க, உள்ளே எத்தனை உறுப்புகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன என்று நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

தசமி ராத்திரி பலகாரத்தோடு சரி என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் குடலிலிருந்து சர்க்கரை வருவது நின்றுவிடும். மூளைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கணையம் இன்சுலினைக் குறைத்துக் குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. சேதி கிடைத்ததும் கல்லீரல் தன் கையிருப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. அந்த இருப்பு 100 கிராம் போலத்தான். ஒரு நாள் தாங்கும். தசைகளில் அதைவிடப் பல மடங்கு உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் இல்லை. அதற்காகத் தசை கையை விரித்துவிடுவதில்லை. அமினோ அமிலங்களை அனுப்பிவைக்கிறது. கல்லீரல் அவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்துகொள்கிறது. கரைந்து வரும் கொழுப்பை இதயமும் தசைகளும் எரித்துக்கொண்டு, சர்க்கரையை மூளைக்கென்று விடுகின்றன. நடுராத்திரியில் வயிறு கடமுடாவென்று சத்தம் போடுவதுகூட, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையும் சிறுகுடலும் எச்சத்தைத் தள்ளிச் சுத்தம் செய்துகொள்ளும் வேலைதான்.

எனக்கு உண்மையான கவலை நீரிழிவுக்காரர்களைப் பற்றி. இன்சுலின் ஊசியும் சில மாத்திரைகளும் வயிறு காலி என்பதைப் பார்த்துத் தம் வேலையை நிறுத்துவதில்லை. கல்லீரல் ஒரு பக்கம் கொடுக்க, மருந்து மறுபக்கம் இறக்கிக்கொண்டே இருக்கும். விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதைப் பெருமாள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பட்டினியைவிடச் சிரமமானது அசையாமல் நிற்பது. நிமிர்ந்து நின்ற மாத்திரத்தில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் போலத்தான். கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் உண்டு. அவை மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கால் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. கெண்டைக்கால் தசை அசையும்போதெல்லாம் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. கூட்டத்தில் அந்த அசைவுதான் கிடைப்பதில்லை.

இன்னொரு இழுபறியும் உண்டு. வெளியே மார்கழிப் பனி. உள்ளே ஆயிரம் பேர் மூச்சும் புழுக்கமும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் வேண்டும், வியர்வைக்கு நீர் வேண்டும். அழுத்தம் குறையாமல் இருக்கவோ அதே ரத்தம் உள்ளேயே நிற்க வேண்டும். கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடும் என்று பெண்கள் பலர் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சிறுநீரகம் சொட்டு நீரையும் சேமித்துப் பார்க்கிறது. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

அப்படி எல்லை தாண்டியதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். முன்னால் நின்ற ஒரு மாமி அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டார். உதடு வெளுத்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது, அப்படியே சாய்ந்தார். "சுகர் இறங்கிடுத்து" என்றார் ஒருவர். "பி.பி. லோவாயிடுத்து" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற ஒரு பெண் போலீஸ்தான், "தூக்காதீங்க, படுக்க வைங்க" என்று அதட்டித் தரையில் கிடத்தி, யாருடைய பையையோ வாங்கிக் காலுக்கு அண்டை கொடுத்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, மாமி கண்ணைத் திறந்து, "வாசல் திறந்தாச்சா?" என்று கேட்டார்.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை. ஓய்வில் உடம்பு எடுக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சில விநாடி ரத்தம் குறைந்தாலும் நினைவு தப்பிவிடும். விழுந்து படுத்ததும் கால் ரத்தம் சிரமமில்லாமல் இதயத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தூக்கி நிறுத்துவது கொடுமை. வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து, புரையேறிவிடும். கண் விழிக்காவிட்டாலோ மார்பு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலே பாதி மயக்கம் வராது.

இதே கோயிலில் ஒரு காலத்தில் ஆரோக்கியசாலை இருந்தது. சிதைந்துபோன அதைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததை கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரிக்கு இங்கே தனிச் சன்னதி இன்றைக்கும் உண்டு. சேவிக்க வருகிறவர்களின் உடம்பும் கோயிலின் பொறுப்பு என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பில், வரிசை நெடுக உட்காரத் திண்ணையும் போதிய கழிப்பறையும் வேண்டும் என்று நான் கேட்பேன்.

மறுநாள் விரதத்தை முடிக்கும் துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். கீரையில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. நெல்லிக்காயின் வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எங்கள் அத்தை கீரையைத் தாளித்து இறக்கும்போதே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எச்சில் ஊறிவிடும். அதற்குள் வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் சேதி போய் அமிலம் சுரக்க ஆரம்பித்திருக்கும். கணையமும் கொஞ்சம் இன்சுலினை முன்கூட்டியே விட்டிருக்கும். "நேத்தெல்லாம் காய்ஞ்ச வயிறு, மெதுவா சாப்பிடு" என்று அத்தை முதலில் ஒரு கரண்டி சாதம்தான் போடுவார்.